சமையலறையில் சார், மேடம்

ஜூன் 4

என் அன்பு மனைவிக்கு,

நலம். நீ கோபித்துக்கொண்டு உன் தங்கை வீட்டுக்குப் போனதிலிருந்து நம் உணவகம் படுத்துவிட்டது. ஊழியர்களுக்குள் ஒரு கட்டுக்கோப்பு வரட்டும் என்றுதானே, அண்ணே, அக்கா, மாமா எல்லாம் வேண்டாம், சார், மேடம் என்றே கூப்பிடுங்கள் என்றேன்? இப்போது யாரும் யாருக்கும் கைகொடுப்பதில்லை. பெரிய சமையல்காரர் பாத்திரம் கழுவும் அம்மாவிடம், "மேடம் அவர்களே, தயைகூர்ந்து கரண்டியைத் தந்தருள வேண்டும்" என்கிறார். கரண்டி வருவதற்குள் வெங்காயம் கருகிவிடுகிறது. பரிமாறுகிற இரண்டு பேரும் நின்றுவிடப்போவதாகக் கேள்வி. எப்போது வருகிறாய்?

உன் கணவன்

ஜூன் 9

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

வெங்காயம் மட்டும்தான் கருகியதா? அன்று கல்லாவில், அத்தனை பேர் முன்னால், "நீயும் என்னை சார்னுதான் கூப்பிடணும்" என்றீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் உங்களை எப்படிக் கூப்பிடுவதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கிளம்பினேன். திரும்பி வருவேனா என்று எனக்கே தெரியவில்லை.

அந்தச் சமையலறையில் உறவு சொன்னால்தான் வேலை நடக்கும். "மாமா, கொஞ்சம் தள்ளுங்க" என்றால் பெரிய சமையல்காரர் சிரித்துக்கொண்டே தள்ளுவார். சார் என்றால் சட்டம் பேசுவார். இதையும் உத்தரவு போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். முதலில் நீங்கள் கூப்பிடுங்கள். நேரத்துக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
மேடம்

ஜூன் 17

கண்ணம்மா,

மதியச் சாப்பாட்டுக் கூட்ட நேரத்தில் சமையலறைக்குள் போனேன். "மாமா" என்றேன். அவர் திரும்பவே இல்லை. கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

"என்ன மாப்ளே, இப்பதான் வழி தெரிஞ்சுதா?"

பாத்திரம் கழுவும் அம்மா ஈரக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சற்று நேரத்தில் பழைய கூச்சல் வந்துவிட்டது. பரிமாறுகிறவர்கள் இருவரும் எங்கேயும் போகவில்லையாம். "அக்கா எப்பண்ணே வருவாங்க?" என்று என் உயிரை எடுக்கிறார்கள்.

நான் என்ன பதில் சொல்ல? கடையில் ஆளாளுக்கு உறவு சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வீட்டில் என்னைக் கூப்பிட ஆள் இல்லை. உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இதை எழுதும்போதே அழுகை வருகிறது. வந்துவிடு.

உன்னுடையவன்

ஜூன் 22

என்னங்க,

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். தங்கை கொடுத்த மூட்டை பெரிதாக இருக்கிறது. மாமாவை அனுப்பிவிட்டுக் கல்லாவில் உட்கார்ந்துகொள்ளாமல், நீங்களே வாங்க.