செக்போஸ்ட்டில் சொன்ன எண்ணிக்கை

ஞாயிறு, ஆனைமலைக் காடு

மகள் வாடகைக்கு எடுத்த, படுக்கை வசதியுள்ள கேரவனில் வந்தோம். செக்போஸ்ட்டில் வனக்காவலர், "எத்தனை பேருங்க?" என்றார். முப்பது வருடப் பழக்கத்தில், "மூணு பேருங்க" என்றேன்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

வண்டி ஓட்டிய மகள், "அம்மா போன மாசம் தவறிட்டாங்கண்ணா. ரெண்டுனு போட்டுக்குங்க" என்றாள்.

"மூணே இருக்கட்டுமுங்க" என்று கெஞ்சினேன்.

"திரும்பறப்ப ஓராள் குறைஞ்சா காட்டுக்குள்ள தேடோணுமுங்க சார்." மூன்றை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார். வாத்தியாராக இருந்தபோது வருகைப் பதிவேட்டில் நானும் எத்தனை பெயர்களை இப்படி அடித்திருக்கிறேன்!

பிறகு வழியெல்லாம் நெடுநெடுவென்று தேக்கு. வண்டியை நிறுத்தியதும் மகள், "நானும் மூணு போர்வை எடுத்து வெச்சுப்போட்டேனுங்கப்பா" என்று அழுதாள்.

இப்போது நல்ல குளிர். அந்த மூன்றாவது போர்வையை இருவருமே தொடவில்லை.