தார் பட்ட கடல்

திங்கள், ஆவணி கடைசி. கரியாலூர்.

காலையில் தூறல், பிறகு நல்ல வெயில். சாயத் துணி அலச ஏற்ற நாள். கள்ளக்குறிச்சிக் கிணற்றுத் தண்ணீரில் நீலம் மங்கிப்போகிறது. அதற்காகத்தான் ஒவ்வொரு முறையும் மலை ஏறி வருவது. சரோஜா வீட்டில் தங்கல். (கூடப் படித்தவள், இங்கே டீச்சர்.) கடற்கரைக் காட்சி போட்ட சின்னத் துணிகள் எல்லாம் ஓடையில் அலசியாயிற்று. அலை நுரை, சவுக்கு நிழல், கிளிஞ்சல் மூன்று.

பெரியது கடைசியாக. கடல் உள்வாங்கும் நேரம், ஈர மணல், அதில் நண்டு உருட்டிப் போட்ட உருண்டைகள். ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு துவரையை வைத்து நூலால் இறுக்கிக் கட்டி, அவுரி நீலச் சாயத்தில் முக்கியது. சித்திரையில் தொடங்கிய வேலை. இன்று முடிச்சு முடிச்சாக அவிழ்த்தேன். பரங்கிப்பேட்டையில் நான் வளர்ந்த கரை அப்படியே வந்து நின்றது. கொஞ்சம் அழுகை. சரோஜா பார்க்கவில்லை.

வாங்க: மூங்கில் கழி, நூல்கண்டு, தையல் ஊசி. அவருக்கு இருமல் மருந்து.

புதன். கரியாலூர்.

மழை. துணி காயவில்லை. மத்தியானம் பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார், நாளையிலிருந்து வண்டி ஓடாதாம். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். கீழே எல்லா ஊரிலும் தயாராக இருக்கிறார்களாம்.

ஞாயிறு பாண்டிச்சேரியில் என் கண்காட்சி. முதல் கண்காட்சி. அந்தக் கூடத்துக்காக எத்தனை பேர் வாசலில் நின்றேன். இந்த வாரம்தான் கிடைத்ததா இவர்களுக்கு? கேட்பது நியாயம்தான், யார் இல்லை என்றது. என் கொழுந்தன் குமாரே எட்டாவதோடு நின்று அடுத்தவன் டிராக்டர் ஓட்டுகிறான். ஆனாலும் எரிகிறது. ஈரத் துணியைச் சரோஜாவின் அடுப்படியில் கட்டிக் காயவைக்கிறேன். புகை பிடித்துவிடும் என்று பயம்.

வியாழன். கள்ளக்குறிச்சி.

வந்து சேர்ந்துவிட்டேன்.

காய்கறி ஏற்றிய ஜீப்பில் மலை இறங்கினேன். அடிவாரம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம், கிளை இலையோடு. நாற்பது ஐம்பது பேர். டிரைவர் ஜீப்பை நிறுத்திவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார். கும்பலில் குமார். தலையில் துண்டு.

நிம்மதியாக இருந்தது, நம் வீட்டுப் பிள்ளை என்று. நடந்தே போங்கள், மூட்டையை நான் பிடிக்கிறேன் என்றான். மரத்தைத் தாண்டும்போது ஒருவன் கேட்டான், மூட்டையில் என்ன? துணி என்று குமாரே சொன்னான். பெரிய துணியா? பேனர் இல்லாமல் நிற்கிறோமே.

குமார் என்னைப் பார்த்தான். நான் வேண்டாம் என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

"ஒரு நாளைக்குத்தான் அண்ணி. தோச்சிக் குடுத்துடறேன்."

"டேய், அது பேனர் துணி இல்லடா. அஞ்சு மாசம் ஒக்காந்து செஞ்சது."

"நாங்க எத்தினி வருஷமா கேட்டுக்கினு கீறோம் அண்ணி."

அதற்குள் ஒருவன் பெரிய துணியை உருவிவிட்டான். பாதிக்கு மேல் ரோட்டில் விரித்து, ரோடு போட வைத்திருந்த தாரை டப்பாவில் உருக்கி, தென்னை மட்டையால் எழுதினார்கள். என் கண்ணெதிரே. ஈர மணல் மேல், நண்டு உருண்டைகள் மேல். "இட ஒதிக்கீடு கொடு." அதுவும் தப்பாக.

குமாரை ஓங்கி அறைந்தேன். அத்தனை பேர் முன்னால். அவன் கையை ஓங்கவில்லை. மீதி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் எல்லை வரை கூடவே வந்தான்.

வெள்ளி.

போலீஸ் வந்து தடியடி. குமாரையும் இன்னும் பலரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மாமியார் வாசலில் மாரடித்து அழுகிறார். அறைந்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் பேச்சில்லை.

அவர் (என் வீட்டுக்காரர்) சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தம்பிக்கு மண்டையில் அடி, கட்டுப் போட்டிருக்கிறார்களாம். வாய்க்காலில் கிடந்ததாம் என் துணி. கேரியரில் கட்டிக்கொண்டு வந்து போட்டார். "துணிதானே, வேற செஞ்சுக்கலாம் வுடு" என்றார்.

துணிதானே. அந்த வார்த்தையை இங்கே எழுதி வைக்கிறேன்.

மண்ணெண்ணெய் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். தார் போகவில்லை. நீலம்தான் போயிற்று.

பாண்டிக்கு டிரங்க் கால். ரோடு திறந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

வியாழன், புரட்டாசி. பாண்டிச்சேரி.

புழுக்கம். கூடத்தில் நடுச்சுவர் பெரிய துணிக்கென்று அளந்து விட்டது. வெறும் சுவராக விட மனம் வரவில்லை. வீம்பு. தாரோடு மாட்டினேன்.

கூட்டம் முழுக்க அதன் முன்னால்தான். அமைப்பாளர் பூரித்துப்போய்விட்டார். "மேடம், இதுதான் மெயின். சரியான அரசியல் தைரியம்" என்றார். நான் எழுதவில்லை, என்னிடம் பிடுங்கி எழுதினார்கள் என்றேன். அது இன்னும் பிரமாதம் என்றார். சவுக்கு நிழலையும் நுரையையும் ஒரு ஆள் நின்று பார்க்கவில்லை. ஒரு ஆள்.

சாயங்காலம் இரண்டு பேர், நல்ல படிப்பாளிகள் மாதிரி. ஒருவர் எழுத்தை விரலால் காட்டிச் சிரித்தார்.

"ஒதுக்கீடுன்னு எழுதவே வரல. இவங்களுக்குத்தான் காலேஜ்ல எடம் வேணுமாம்."

எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. எழுதினவன் மண்டை உடைந்து ஜெயிலில் இருக்கிறான், அவன் என் வீட்டுப் பிள்ளை, எழுதக் கற்றுக்கொடுக்காதது யார் என்று கேட்டேன். கூடமே திரும்பிப் பார்த்தது. அந்த ஆள் சும்மா சொன்னேன் என்றார். வெளியே போங்கள் என்றேன். அமைப்பாளர் என் கையைப் பிடித்து இழுத்தார். அவரையும் சேர்த்துத் திட்டினேன்.

இருவரும் போனதும் ஸ்டூல் போட்டு ஏறி நானே அவிழ்த்தேன். யாருக்கும் காட்ட வேண்டாம். மற்றவை அப்படியே தொங்கட்டும். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

எழுதினவன் குமார் இல்லை, எனக்கே தெரியும். அவனுடைய கூட்டாளி. அதனால் என்ன.

சனி. கடலூர்.

வெயில் கொளுத்துகிறது. பாண்டியிலிருந்து நேராக ஜெயிலுக்கு. துணி மூட்டையை வாசலில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். பிஸ்கட் பாக்கெட்டும் வேட்டியும் மட்டும் உள்ளே.

குமார் இளைத்திருந்தான். தலையில் கட்டு அழுக்காக. அம்மா சாப்பிடுகிறார்களா என்று கேட்டான். சாப்பிடுகிறார் என்றேன். சாப்பிடவில்லை. அறைந்ததைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும். துணியைப் பற்றியும். கோபம் போகவில்லை எனக்கு. முகத்தைப் பார்த்ததும் போய்விடும் என்று நினைத்துத்தான் வந்தேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று எதையோ யோசித்துவிட்டுக் கேட்டான்.

"இங்கேர்ந்து கடல் எம்மாந் தூரம் அண்ணி?"

"பக்கந்தான். பஸ்ல போனா கொஞ்ச நேரம்."

"நான் பாத்ததே இல்ல."

இருபத்துநாலு வயது. அன்று என் துணியை ரோட்டில் விரித்தபோது, தார் ஊற்றுவதற்கு முன், அது என்னவென்று ஒரு தடவையாவது பார்த்தாயா என்று கேட்க வாயெடுத்தேன். காவலர் நேரம் முடிந்தது என்றார்.