கடல் பார்க்கப் போன இடத்தில்

பதுளை
9.9.1979

அன்புத் தங்கை நளீராவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கொழும்பில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள் செய்வானாக.

இன்று சுபஹ் தொழுததும் முதல் வேலையாகப் பயணப் பைகளை முற்றத்தில் கொட்டி மணலை உதறினேன். உதறிய வேகத்தில் ஒரு பையின் வார் அறுந்துவிட்டது.

கடற்கரையோரமாக இரண்டு நாள் சுற்றி வரலாம் என்று உன் மச்சான் தானாகச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எங்கள் இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் காரணமில்லாமல் ஒரு நாள் கடை பூட்டாத மனிதர். நானோ இடியப்பமும் கோழிப் பொரியலும் கட்டிக்கொண்டு சந்தோஷமாகக் காரில் ஏறினேன்.

லாகுகலைக் குளத்தில் யானைகள் புல்லுக்குள் நின்று மேய்ந்தன. மகள் நபீலா இருபத்தேழு வரை எண்ணினாள். அதற்குள் இவர் ஹோர்ன் அடிக்கிறார், யானைக் கூட்டத்துக்குப் பக்கத்தில்! அறுகம்பேயில் கால் நனைக்க ஐந்து நிமிடம். தெற்கே பாணமையில் முதலை காட்டுவதாகச் சொன்னவர் காரை வடக்கே திருப்பினார். ஏன் என்றதற்கு, "பகல் சாப்பாட்டுக்கு அவங்க பார்த்துக்கிட்டு இருப்பாங்க" என்று உளறிவிட்டார். எவங்க என்று கேட்டேன். திருக்கோவில் ஊர் தாண்டும்வரை ஹோர்னை அடித்துக்கொண்டே ஓட்டினார்.

அக்கரைப்பற்றில் ஒரு வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, நபீலாவைப் பெண் காட்ட வந்திருக்கிறோம் என்று. அவர்கள் வந்து பார்ப்பதுதானே முறை? இவர் பிள்ளையைக் கலைந்த தலையும் நனைந்த பாவாடையுமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

மாப்பிள்ளையின் உம்மா நல்ல மனுஷி. வட்டிலப்பத்தை வைத்துவிட்டு, "புள்ளைக்கு ஊடு எங்க கட்டுறீங்க?" என்று கேட்டார். அந்தப் பக்கம் பெண் வீட்டார்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள்; மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். இவ்வளவும் இரகசியமாகப் பேசி முடித்தவருக்கு இது மட்டும் தெரியாது. "ஊடா?" என்று விழித்தார். பிறகு, ஹாலிஎலையில் வாப்பா எனக்குத் தந்த காணியை விற்றுக் கட்டுவோம் என்றார். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

இரண்டு நாள் பயணம் ஒரே நாளில் முடிந்தது. வரும் வழியில் நபீலாவுக்கு வந்திருக்கும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதத்தை நினைவூட்டினேன். செவ்வாய்க்கிழமை பதிவுக்குக் கடைசி நாள். "கலியாணம் முடியட்டும், மாப்பிள்ளை விரும்பினா படிக்கட்டுமே" என்றார். நான் வேலைக்குப் போவதைப் பற்றி எனக்கும் இதையேதான் சொன்னார்கள். பட்டம் வாங்கிய நான் ஒரு நாளாவது வகுப்பில் நின்று பாடம் நடத்தியதுண்டா? அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. வாய் திறக்காமல் இருந்ததற்குப் பொறுமை என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன்.

நபீலா பின் ஆசனத்தில் பாவாடையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வந்தாள். மொனராகலை தாண்டியதும், "உம்மா, இன்னும் கொஞ்ச நேரம் நின்டிருந்தா யானையெல்லாத்தையும் எண்ணி முடிச்சிருப்பேன்" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நளீரா, எங்களுக்காகத் துஆ செய். இந்தக் கடிதத்துக்கு வீட்டு முகவரிக்குப் பதில் போடாதே. நாளைக் காலை ரயிலில் அவளைப் பேராதனைக்குக் கூட்டிப்போய் நானே பதிவு செய்யப் போகிறேன். அவளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

உன் ராத்தா,
ஹம்ஸியா