பீரோவாக வந்த அப்பா

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

நீ எடுத்த படத்தை நேற்றுத் தியேட்டரில் பார்த்துவிட்டேன். அப்பாவை அழைத்துப் போகாதே என்று நீ படித்துப் படித்துச் சொன்னதால் அவரிடம் கேட்கவே இல்லை. மாடி வீட்டு அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டை விட்டுப் போன மகன் திரும்பி வருகிற கதை என்று போஸ்டரிலேயே போட்டிருந்தது. சினிமாதான் வேண்டும் என்று அப்பாவோடு மல்லுக்கட்டிவிட்டு நீ கிளம்பிப் போய் ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அந்தக் கோபத்தையெல்லாம் படத்தில் கொட்டி, நாலு பேர் பார்க்க அவரைக் கிழித்துத் தொங்கவிட்டிருப்பாயோ என்றுதான் பயம்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடுகிறேன். உன் கதாநாயகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். அந்த ஊரில் பஸ் இல்லையா? மாடி வீட்டு அக்கா ஒரு தூக்கம் போட்டு எழுந்து, இன்னுமா வீடு வரவில்லை என்று கேட்டார். நடுவில் ஒரு கோழி வந்து நம்மை முறைத்துப் பார்க்கிறது. அது ஏன் வந்தது, எங்கே போனது, கடைசி வரை தெரியவில்லை. அம்மாவாக வருகிறவள் படம் முழுக்க வெங்காயம் உரிக்கிறாள். அத்தனையும் உரித்தவள் வந்த பிள்ளைக்கு ஒரு வாய் சோறு போட வேண்டாமா? அந்த அம்மா நான்தான் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே.

அப்புறம் அந்த அப்பா. கூடத்தில் ஒரு மர பீரோ நிற்கிறது, மகன் அதை அப்பா என்று கூப்பிடுகிறான். அதன் முன்னால் உட்கார்ந்து மனதில் இருப்பதையெல்லாம் சொல்லி அழுகிறான். பீரோ திறக்கவே இல்லை. அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிறான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் அவன் அந்தப் பீரோவைத் திட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதில்தான் எனக்குப் பாதி உயிர் வந்தது.

விளக்குப் போட்டதும் திரும்பிப் பார்த்தால், கடைசி வரிசையில் உன் அப்பா. பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறார், சட்டையெல்லாம் மரத்தூள். மாடி வீட்டு அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தேன்.

வீடு வரும்வரை அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஆரம்பித்தார் பார். தச்சன் மகன் எடுத்த படத்தில் பீரோக் கதவு இப்படியா கோணலாகத் தொங்கும், மேல் கீலை எவன் அடித்தது என்று சாப்பிடும்போதும் விடவில்லை. தன்னைப் பீரோவாகக் காட்டியதில் அவருக்கு வருத்தமே இல்லை. நல்ல பீரோவாகக் காட்டவில்லை என்றுதான் கோபம். சிரித்துச் சிரித்து எனக்குப் புரை ஏறிவிட்டது.

கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்: "அது பூட்டின பீரோ இல்ல. ஈரத்துல கதவு இறுகியிருக்கு, அவ்வளவுதான். அந்தப் பையன் ஒரு தடவை இழுத்துப் பாத்திருக்கலாம்."

என் வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. நேற்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

காலையில், படத்துக்கு வாங்கிய பீரோவை என்ன செய்தீர்கள் என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். தூக்கிப் போட்டுவிடாமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால் கீலை மாற்றித் தருகிறாராம். பட்டறையில் அதற்கு இடம்கூட ஒதுக்கிவிட்டார். எதையும் இப்படிச் சுற்றி வளைத்துத்தான் கேட்பார், உனக்குத் தெரியாததா.

நன்றாக இரு, கண்ணா. உடம்பைப் பார்த்துக்கொள். பீரோ கிடைக்காவிட்டால் பரவாயில்லை. நீ வா.

உன் அம்மா