படிவத்தின் நான்காவது வரி

சுங்கை பினாங்,
ஜார்ஜ்டவுன்.
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ருக்கையாவுக்கு,

உனக்கும் ரஹீம் அண்ணனுக்கும் என் அன்பான ஸலாம். உன் மகள் அதிரா நலமாக இருக்கிறாள். இதை நான் எழுதும்போது அவள் ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்து, மரவள்ளிக் கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டு ஏதோ கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்வரை இதை மட்டும் மறக்காதே. அவள் நலமாக இருக்கிறாள்.

உன் தம்பி அப்துல் அஜீஸ் வெள்ளிக்கிழமை தோஹாவுக்கு வருகிறார் இல்லையா, அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நாளை மறுநாள் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்து வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "என்னக்கா, வாட்சாப் இருக்கிற காலத்துல லெட்டரு? அக்கா ரெண்டு பேரும் திரும்ப ஹாஸ்டலுக்குப் போயிட்டீங்களா?" என்று சிரித்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. போனில் சொன்னால் நீ அழுவாய். நீ அழுதால் நான் பாதியில் நிறுத்தி, மீதியை மழுப்பிவிடுவேன். இருபத்தைந்து வருடமாக அப்படித்தான் செய்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அதிராவுக்குச் சளி, தூங்குகிறாள் என்று சொன்னேன். பின்னால் ஏதோ மணிச்சத்தம் கேட்கிறதே என்று கேட்டாய். கோயிலில் இருக்கிறேன் என்றேன். நான் கோயிலில் இல்லை. அலோர் ஸ்டார் மருத்துவமனையில், வார்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நீ கேட்டது ஏதோ இயந்திரத்தின் ஓசை. அதிரா உள்ளே படுத்திருந்தாள். சனிக்கிழமை மாஸ்க்கும் மூச்சுக் குழாயுமாக ஸ்நோர்க்கலிங் போன இடத்தில், கடலில், அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. நுரையீரலுக்குள் கொஞ்சம் தண்ணீர் போய்விட்டது என்று இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். நேற்று மாலை வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். அடுத்த மாதம் இங்கேயே பொது மருத்துவமனையில் காட்ட வேண்டும். இவ்வளவுதான் செய்தி. இனி எழுதுவது நான் செய்தது.

எங்கள் பள்ளி ஊழியர்கள் குடும்பத்தோடு பாயார் தீவுக்கு ஒருநாள் பயணம் போகிறோம் என்று நான் உன்னிடம் சொன்னதும், என்னோடு வேலை செய்யும் ஷரீஃபா அக்கா வருகிறாரா என்று நீ உடனே கேட்டாய். வருகிறார் என்றேன். அப்படியானால் அதிராவையும் கூட்டிப் போ, அவரும் பார்த்த மாதிரி இருக்கும் என்றாய். அவர் தங்கை மகன் சாஹித் பாயான் லெப்பாஸில் இன்ஜினியராக இருக்கிறான், குடும்பமும் நல்ல குடும்பம் என்று ரமலானிலிருந்தே நீ சொல்லிக்கொண்டிருப்பதுதான். ஆனால் நீ சொன்னதற்காகத்தான் அழைத்துப் போனேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். எனக்கும் போக ஆசை. தனியாகப் போகக் கூச்சம்.

அதிராவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. புறப்படும்போதே, "ஆன்ட்டி, அந்த மாஸ்க்கப் போட்டா மூக்கு தவக்கள மாதிரி ஆயிடும். பொண்ணு பாக்க வர்றவங்க ஓடிடுவாங்கலா" என்று கேலி செய்தாள். பேருந்து காலை நான்கரைக்குப் புறப்பட்டது. அவள் மூன்று மணிக்கே எழுந்துவிட்டாள். அவளுக்குத் தூக்கம் குறையக்கூடாது என்று நீ ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாய். பேருந்தில் தூங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். பட்டர்வொர்த் தாண்டியும் அவள் பேசிக்கொண்டுதான் வந்தாள். பதினான்கு மாதமாக ஒன்றும் வரவில்லை என்ற தைரியம் எனக்கு.

கோலா கெடா படகுத்துறையில் ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். இருதய நோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம், நான்காவதாக வலிப்பு. ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்டு, இல்லை என்று மலாயில் இரண்டு கட்டங்கள். படிவம் என்றால் எங்கள் ஆட்கள் எல்லாரும் என்னிடம் நீட்டிவிடுவார்கள், உனக்குத் தெரியாததா? பள்ளி அலுவலகத்தில் இருபது வருடமாக அதுதானே என் வேலை. எல்லாருடையதையும் வாங்கி, 'இல்லை' கட்டங்களில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் டிக் போட்டுக்கொண்டே போனேன். அதிரா தன் படிவத்தைத் தானே எழுதினாள். நான்காவது வரியில் அவள் பேனா நின்றது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஷரீஃபா அக்கா எங்களுக்கு முழங்கை இடிக்கும் தூரத்தில் நின்றுகொண்டு, தன் அடையாள அட்டையைப் பையில் தேடிக்கொண்டிருந்தார்.

நான் அதிராவின் கையிலிருந்து பேனாவை வாங்கி 'இல்லை'யில் டிக் போட்டேன்.

கைப்பழக்கம் என்று மூன்று நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படி இல்லை, ருக்கையா. உண்டு என்று போட்டால் ஷரீஃபா அக்காவுக்குத் தெரிந்துவிடும், அது ஒன்று. அவளைத் தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், அவளோடு நானும் கரையில் உட்கார வேண்டும், அது இன்னொன்று. இதில் எது பெரிதாக இருந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவள் பேனாவை மூடி என் பையில் போட்டாள்.

தீவில் இறங்கியதும் அவளுக்குக் குழந்தை மாதிரி சந்தோஷம். முழங்கால் ஆழத்திலேயே குட்டிச் சுறாக்கள் சுற்றுகின்றன. "ஆன்ட்டி, சுறா! நெசமாவே சுறா!" என்று கத்தினாள். எங்கள் பள்ளிக் காவலர் பக்கிரிசாமி அண்ணன், "பயப்படாதம்மா, நாம பாசார்ல வாங்கி புட்டு வெச்சது இதோட அண்ணன் தம்பியத்தான். அந்தக் கோபத்துல நம்மளத்தான் மொறைக்குது" என்றார். ஷரீஃபா அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் தண்ணீரில் இறங்கவில்லை. எல்லாருடைய பைகளையும் சுற்றி வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்தார். அதிராவைக் கூப்பிட்டு, தன் கையாலேயே அவள் முகத்துக்கு வெயில் களிம்பு பூசிவிட்டார். அதைப் பார்த்து, காரியம் கைகூடிவிடும், இன்றிரவே உனக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

அவளை விட்டு ஒரு கை தூரத்துக்கு மேல் போகமாட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் இறங்கினேன். முதலில் கையைப் பிடித்துக்கொண்டே மிதந்தோம். பிறகு அவள் கையை விடுவித்துக்கொண்டு ஒரு பக்கம் காட்டினாள். நான் மறுபக்கம் பார்த்தேன்.

நாற்பத்தாறு வயதில் முதல் தடவையாகக் கடலுக்குள் முகத்தை வைத்துப் பார்க்கிறேன். தண்ணீருக்குள் நம் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. ஒரு பச்சை மீன் பவளத்தைக் கடித்துத் தின்னும் சத்தம்கூடக் கேட்டது, யாரோ முறுக்கு தின்பதைப் போல. அந்த மீன் போன வழியே நானும் போனேன். பள்ளி, வீடு, லிஃப்ட் வேலை செய்யாத பிளாட், எதுவும் நினைவில்லை. அதிராவும் நினைவில் இல்லை. அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை எழுதத்தான் எனக்கு மிகவும் கூசுகிறது.

மற்ற இடங்களில் தண்ணீரில் ஒருவர் முகம் கவிழ்ந்து கிடந்தால் எல்லாரும் ஓடி வருவார்கள். அங்கே எல்லாருமே கவிழ்ந்துதான் மிதக்கிறார்கள். படகுக்காரர்களுக்கு அவள் மேல் தனிக் கண் வைக்க ஒரு காரணமும் இல்லை. அந்தக் காரணத்தைத்தான் நான் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்திருந்தேனே. கண்டுபிடித்தவர் ஷரீஃபா அக்கா. எல்லாரும் நடுநடுவே தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குனிகிறார்கள், ஒரு பிள்ளை மட்டும் தூக்கவே இல்லை, குழாய் வேறு தனியாக மிதக்கிறது என்று கவனித்திருக்கிறார். நீந்தத் தெரியாதவர். செருப்போடு, உடுத்திய துணியோடு மார்பளவு தண்ணீருக்குள் ஓடி, கத்திக் கத்திப் படகுக்காரரைக் கூப்பிட்டிருக்கிறார். நான் தலையைத் தூக்கியபோது அவளை மணலில் கிடத்திக்கொண்டிருந்தார்கள்.

இனி எழுதப்போவதை அங்கே முழுதாகக் கவனித்தவர் ஷரீஃபா அக்கா மட்டும்தான். அவர் உன்னிடம் சொல்லவும் மாட்டார். ஆனால் நீ என்னிடமிருந்து தெரிந்துகொள்ள வேண்டும். அவள் உடம்பு உதறிக்கொண்டிருந்தது. உதடு நீலமாக இருந்தது. இவளுக்கு ஏதாவது நோய் இருக்கிறதா என்று படகுக்காரர் கேட்டார். இல்லை, தசைப்பிடிப்பு என்று நான் சொன்னேன். அவர் அதை நம்பி அவள் காலைப் பிடித்து நீவத் தொடங்கினார். அப்போதும் நான் சும்மா நின்றேன். உன் மகள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள், ருக்கையா, நான் சுற்றி நிற்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஷரீஃபா அக்காதான் அவரைத் தள்ளிவிட்டு அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். "லோகா, என்னப் பாரு. பொய் சொல்லாத. இது ஃபிட்ஸ்தானே? முன்ன வந்திருக்கா? என்ன மருந்து சாப்பிடுறா?" என்று கேட்டார். அதன்பிறகுதான் என் வாய் திறந்தது. பக்கிரிசாமி அண்ணன் எங்கிருந்தோ ஒரு சாவிக்கொத்தைக் கொண்டு வந்து அவள் கையில் திணிக்கப் பார்த்தார். "சாவிய தூக்கிப் போடுங்கண்ணே, படக எடுக்கச் சொல்லுங்க!" என்று அக்கா போட்ட சத்தத்தில் எல்லாரும் ஓடினார்கள். அவள் தண்ணீரைக் கக்கி இருமினாள்.

படகில் திரும்பும் வழியெல்லாம் அவள் தலை அக்காவின் மடியில் இருந்தது. "ஏன்லா சொல்லல? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அந்தப் பிள்ளைய விட்டுக் கண்ண எடுத்திருக்க மாட்டேனே" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை. நேற்று இரவு நோன்புக் கஞ்சி மாதிரி ஒன்றைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு வந்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாஹித்தைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. நான் கேட்கவில்லை. நீயும் கேட்கச் சொல்லாதே. எங்களோடு வந்த இருபத்து மூன்று பேருக்கும் இப்போது அவள் நோய் தெரியும். எட்டு வருடமாக நீ கட்டிக் காத்ததை நான் ஒரு காலைப் பொழுதில் கொட்டிவிட்டேன்.

ஆனால் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல. மருத்துவமனையில் அதிராவுக்கு நினைவு தெளிந்ததும், எனக்கு என்ன ஆச்சு என்று அவள் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டும் என்று கேட்கவில்லை. அம்மா எங்கே என்றுகூடக் கேட்கவில்லை. கண்ணைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "யாராச்சும் பாத்தாங்களா ஆன்ட்டி?" என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லாதீங்க. அழுவாங்க" என்றாள்.

செத்துப் பிழைத்த ஒரு பிள்ளைக்கு இந்தக் கேள்வியை யார் சொல்லிக் கொடுத்தது? உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. படிப்புக்காக அவள் என் வீட்டுக்கு வந்த இந்த ஒன்றரை வருடத்தில், மாத்திரையை விட்டமின் டப்பாவில் போட்டு வைக்கச் சொன்னவள் நான். அவளுடைய தோழிகள் வந்தால் அந்த டப்பாவையும் அலமாரிக்குள் வைத்தவள் நான்.

இன்று காலை அவள் தன்னோடு படிக்கும் ரூபினியைக் கூப்பிட்டு, தனக்கு என்ன நோய், வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்று தடுத்திருப்பேன், இவ்வளவு நடந்த பிறகும். அந்தப் பெண், "ஓ, அவ்ளோதானா? எனக்கு பீநட் அலர்ஜி, தெரியும்தானே" என்றாளாம். அதை என்னிடம் சொல்லும்போது அதிரா சிரித்தாள். உனக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்று அப்போதுதான் அவளிடம் சொன்னேன். எழுதுங்கள் என்றாள்.

இனி அவளை என்னிடம் விட்டுவைப்பதா, தோஹாவுக்கே அழைத்துக்கொள்வதா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். அழைத்துக்கொண்டால் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், சொல்லும் தகுதி எனக்கு இல்லை. எனக்கு மன்னிப்பு உண்டா என்றும் இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ உடனே கொடுத்துவிடுவாய். அல்லாஹ் உன் பிள்ளைக்கு நீண்ட ஆயுளையும், தலை நிமிர்ந்து நடக்கும் வாழ்வையும் தரட்டும். நான் என் சாமியிடமும் அதையேதான் கேட்கிறேன்.

அஜீஸ் வெள்ளிக்கிழமை மாலைக்குள் உன் வீட்டுக்கு வந்துவிடுவார். படித்ததும் போன் செய். என்னிடம் பேசும்போது எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வைக்கமாட்டேன். ஆனால் முதலில் அவளைக் கூப்பிடு. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். சாப்பிட்டாயா, இருமல் நின்றதா, எந்த மீனைப் பார்த்தாய் என்று எதை வேண்டுமானாலும் கேள். அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை மட்டும் பிறகு என்னிடம் கேட்டுக்கொள், ஒவ்வொரு பெயராகச் சொல்கிறேன். அவளிடம் கேட்காதே, ருக்கையா.

உன்,
லோகேஸ்வரி