மூன்றாவது ஓலை வாசிக்கும் முன்

அன்புள்ள மோனிகா அக்காவுக்கு, தங்கை சுகிர்தா எழுதுவது. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதும் கடிதங்களில் ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் முதல் வரி இருக்கும், இன்று சாயங்காலமும் அப்படியே எழுதி ஒட்டிக் கொடுத்தேன். இது நானாக எழுதுவது. எல்லோரும் தூங்கிவிட்டார்கள். இம்மானுவேல் அண்ணன் உனக்காக மஸ்கட்டுக்கு எடுத்து வரும் ஊறுகாய்ப் பொட்டலத்துக்குள் இதை வைத்துவிடுவேன். போனில் சொல்ல வழியில்லை, நீ பேசும்போதெல்லாம் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அக்கா, என் கழுத்தில் இடது பக்கம் நெறி கட்டியிருக்கிறது. சளியும் இல்லை, வலியும் இல்லை, பரீட்சைக்கு முன்னால் வந்தது இன்னும் கரையவில்லை. எனக்கு பயமாக இருக்கிறது, ஏனென்றால் அப்பாவுக்கு வந்தது உன்னிடம் சொன்னதுபோல் டிபி கட்டி இல்லை. லிம்போமா, நெறி கட்டும் இடத்தில் வருகிற புற்றுநோய். மருந்து கேட்கிறது, கட்டி பாதியாகிவிட்டது, அதில் பொய் இல்லை. கம்பெனியில் இத்தனை வருஷம் ஹெல்மெட் போட்டும் கொட்டாத முடியை ஆஸ்பத்திரிக்காரங்க புடுங்கிட்டாங்க என்று சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். பைலைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போயிருந்தேன். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்று டாக்டரம்மா கேட்டபோது அம்மா யோசிக்காமல் "யாருக்கும் இல்ல மேடம்" என்றாள். ஆசீர்வாதம் பெரியப்பா கழுத்துக் கட்டியோடுதானே செத்தார், கும்மிடிப்பூண்டிக் கம்பெனிப் புகையால் வந்தது என்று நாம் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோமே. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா அப்புறமும் பொறுமையாகச் சொன்னார், நோயெதிர்ப்புச் சக்தியை நடத்தும் மரபணுவில் சில குடும்பங்களுக்குச் சின்ன வித்தியாசம் இருக்குமாம், அது பிள்ளைகளுக்கும் போகலாமாம், அப்படிப் போனாலும் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு அவ்வளவுதானாம், பெரும்பாலோருக்கு வரவே வராதாம், ஆனால் கரையாத கட்டி இருந்தால் உடனே காட்ட வேண்டுமாம்.

அம்மாவுக்கு என் கட்டி தெரியும் என்று நினைக்கிறேன். போன வாரம் எனக்குச் சடை பின்னும்போது அவள் விரல் அந்த இடத்தில் நின்றுவிட்டது. மறுநாளே துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு போ என்றாள், இந்த வெயிலில். உன் கல்யாணத்துக்கு எனக்குத் தைக்கக் கொடுத்த சட்டைக்குக் காலர் வைக்கச் சொல்லியிருக்கிறாள். கடம்பத்தூர் அத்தை வந்து என் முகத்தைப் பார்க்காமல் கழுத்தையே பார்த்தார். அப்புறம் கிணற்றடியில் அம்மா அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "கோயில்ல ஓலை மூணு வாட்டியும் படிச்சி முடியட்டும் அண்ணி. இப்ப வாயத் தொறந்தா மணவாள நகர்ல மாப்ள ஊட்ல இன்னா நெனைப்பாங்க? ஊடே நோவு ஊடும்பாங்க, பொண்ண வேணான்டுவாங்க." உன் கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று, தடை சொல்ல யாராவது உண்டா என்று பாதிரி ஐயர் கேட்கும்போதெல்லாம் நான் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். மூன்றாவது, அடுத்த மாதம் நீ வந்த பிறகு. அதற்கப்புறம் கல்யாணம், விருந்து. அதுவரைக்கும் என் கழுத்து காத்திருக்குமா என்று யாரும் கேட்கவில்லை.

ஒன்றுமில்லாத கட்டியாகவும் இருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும் அக்கா. உன்னைக் கட்டப்போகிற ஜோஷ்வா மாமாவிடம் நீயே எல்லாவற்றையும் சொல்லிவிடு, அவர் வீட்டார் என்ன சொல்வார்களோ, எனக்கு அவர்கள்மேலும் நம்பிக்கை இல்லை. நாளைக் காலை சடை பின்னும்போது அம்மாவின் கையைப் பிடித்து அந்த இடத்திலேயே வைத்துக்கொள்வேன், விடமாட்டேன். அப்புறமும் அவள் ஓலை முடியட்டும் என்று சொல்லலாம், அதனால் இது கிடைத்ததும் நீ போன் பண்ணி என் கட்டியைப் பற்றி ஸ்பீக்கரிலேயே சொல், அப்பாவுக்கும் கேட்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, ஏசிக்கு நேராகப் படுக்காதே. ஆண்டவர் உனக்குத் துணையிருப்பார். மறக்காமல் உன் கழுத்தையும் ஒருமுறை தொட்டுப் பார்.

உன் தங்கை,
சுகிர்தா