வெறுஞ்சாக்கின் எடை

தெமோதரையில் ரயிலைவிட்டு இறங்கியதுமே தேயிலைத் தொழிற்சாலை வாசனை முகத்தில் வந்து மோதியது. நசுங்கிய கொழுந்தின் பச்சை வாடை கொஞ்சம் கொஞ்சமாகப் பழவாசனையாக மாறுமே, அதுதான். உன் ஆண்டு நினைவுப் பூசைக்கு வந்திருந்தேன். நீ கூட இருந்திருந்தால், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று முதலில் பார்த்திருப்பாய். எதையும் லேசில் நம்பாத ஜென்மம் நீ.

அந்த வாசனைக்கும் நிறத்துக்கும் காரணமான நொதியம் என்ற புரதத்தைத் தேடித்தான் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நாம் இரண்டு பேரும் கிடையாய்க் கிடந்தோம். முழு இலையில் அது ஓர் அறையில், துவர்ப்புச் சத்து வேறோர் அறையில். நசுங்கினால்தான் இரண்டும் சேரும். கலத்துக்குள் அது எந்த அறையில் குடியிருக்கிறது என்பதே நம் கேள்வி. முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரி அந்தப் புரதத்தைத் தேடிப் பிடிக்கும். அதன்மேல் தங்கத் துணுக்கை ஒட்டவைப்போம். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் தங்கம் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். புள்ளி எங்கேயோ, புரதம் அங்கே.

இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருமணிக்குள் புள்ளிகளைக் கண்ட அன்று நான் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கொஞ்சம் பொறு புள்ள. வெறுஞ்சாக்க நிறுத்துப் பாத்தியா?"

எரிச்சல் வந்தாலும் எனக்குப் புரிந்தது. நாம் இருவரும் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள். கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்று எடை கழிப்பார்கள், மழைநாளில் ஈரத்துக்கென்று இன்னும் கழிப்பார்கள். உன் அம்மா மட்டும் வரிசையை மறித்துக்கொண்டு நிற்பார். "வெறுஞ்சாக்க எங்க கண்ணு முன்னால நிறுங்கய்யா, பொறகு கழிங்க." கணக்கப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு நிறுப்பார். அந்தச் சந்தேகம் உனக்கு இரத்தத்தில் வந்தது.

நம் வெறுஞ்சாக்கு, அந்த முயலுக்குப் புரதத்தை ஊசியில் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவைத்த இரத்தநீர். அதை ஊற்றி, மற்றதெல்லாம் அப்படியே செய்து பார்க்கவேண்டும். அதிலும் அதே இடத்தில் புள்ளிகள் விழுந்தால், புரதத்தைத் தேடாமலே தங்கம் சும்மா ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். நாம் பட்ட பாடெல்லாம் பாழ். உடம்புக்கு முடியாமல் ஊருக்குக் கிளம்புமுன் நீ தனியாக உட்கார்ந்து கடைசியாகப் பார்த்தது அதைத்தான்.

பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போன் பண்ணினாய்.

"வெறுஞ்சாக்கு சுத்தமா இருக்கு புள்ள. ஒரு புள்ளி இல்ல. தைரியமா எழுதி அனுப்பு."

"ஒனக்கு எப்புடி இருக்கு?"

"எனக்கென்ன, வலியே இல்ல. நல்லா தூங்குறேன்."

அதற்குமேல் உன் குரலை நான் கேட்கவில்லை.

உன்னைப் புதைத்த மண் காயுமுன்னே எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. எதைப் பற்றியும் இத்தனை உறுதியாகச் சொல்கிறவளா நீ? காய்ச்சலோடு ஒழுங்காகப் பார்த்தாயா? நான் தவித்துப்போவேனென்று பொய் சொன்னாயா? எல்லாவற்றையும் மறுபடி செய்தேன். எது எந்த இலைத்துண்டு என்று என் கண்ணுக்கே தெரியாதபடி பெயர்களை மறைத்துவைத்துப் பார்த்தேன். உன்னைச் சந்தேகப்பட்டதற்கு நான் வெட்கப்படவில்லை. சந்தேகப்படாவிட்டால்தான் நீ கோபப்பட்டிருப்பாய்.

நீ சொன்னது சரி. வெறுஞ்சாக்கின் பச்சையவுருமணிகளில் ஒன்றுமில்லை. ஆனால் கலத்தின் ஓரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன, எதையும் கெடுக்காத தூசி மாதிரி. நீயும் பார்த்திருப்பாய். என் மனம் கலங்கக்கூடாதென்று அதை விட்டுவிட்டாய்.

பூசை முடிந்து வீட்டில் உன் அம்மா தேத்தண்ணி கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"வலி இல்லன்னுதான் எங்கிட்ட சொன்னா. ஒங்கிட்ட என்னா சொன்னா?"

"அதையேதான் சொன்னா அம்மா."

தராசு முள்ளைப் பார்க்கிற கண்ணால் என்னைப் பார்த்தார். நான் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு குடித்தேன்.

இப்போதெல்லாம் பதுளைக் கடைத்தெருவில் லீக்ஸ் மரக்கறி வாங்கினாலும் வெறும் பையை முதலில் நிறுக்கச் சொல்கிறேன். கடைக்காரர் சிரிக்கிறார். வலியே இல்லை என்று நீ சொன்னதை மட்டும் எதை வைத்து நிறுப்பதென்று தெரியாமல் சுமந்துகொண்டு திரிகிறேன்.